ரையன் டேயை நான் வேலையைவிட்டு அனுப்பிய இரவு

எங்கள் வாட்ஸாப் குழுவில் ஆறு பேர். எல்லாருமே அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸைச் சுற்றி இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர்கள். வந்த புதிதில் கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம், அப்புறம் இந்த ஊர்க் காய்ச்சல் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு அந்தக் குழுவில் நான் எழுதியது இது: 'இந்த ஆளை நாளைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பணும். ஒப்பந்தப்படி 3.7 கோடி டாலர் குடுத்துத்தான் அனுப்ப முடியுமாம். பரவாயில்லை, என் பங்குக்கு நூறு டாலர் நான் தர்றேன்.' பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னமோ நீங்கதான் அவருக்கு வேலை போட்டுக் குடுத்த மாதிரில்ல பேசுறீங்க" என்றாள்.

'இந்த ஆள்' என்றது அன்று பகலில் மிச்சிகனிடம் தோற்றிருந்த ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் கோச் ரையன் டே. (தமிழில் எழுதினால் யாரையோ அதட்டுவது போல இருக்கிறது. அவர் பெயரே அதுதான், என்ன செய்ய.) நான் அந்தச் செய்தியை அனுப்பி ஐம்பத்தோராவது நாள், 2025 ஜனவரி 20 அன்று, அதே ஆள் அதே அணியை வைத்துக்கொண்டு தேசிய சாம்பியன் ஆனார். குழுவில் ஒரு நண்பர் இருக்கிறார். என்னுடைய அந்தச் செய்தியைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். தோன்றும்போதெல்லாம் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அதைக் குழுவில் போடுவார்.

கிண்டலைப் பற்றிக் கவலையில்லை. கணிப்பு தப்புவது ஒன்றும் புதிதல்ல, நான் வாங்கிய பங்குகளைப் பார்த்தாலே தெரியும். என்னை உறுத்துவது வேறு. அந்த இரவு நான் வரிசையாக அடுக்கிய காரணங்களை இப்போது எடுத்துப் படித்தாலும் ஒன்றுகூடத் தப்பாகத் தெரியவில்லை. காரணமெல்லாம் சரி, தீர்ப்பு மட்டும் தப்பு. இது எப்படி ஆகும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எம் இல்லாத வாரம்

இந்த ஊரில் கோச்சை எடைபோடத் தராசு ஒன்றுதான், சீசன் கடைசியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டம். நவம்பர் கடைசி வாரத்தில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போனால் தெரியும். கட்டடப் பெயர், பார்க்கிங் பலகை, தகவல் பலகை என்று எங்கெல்லாம் ஆங்கில 'எம்' எழுத்து இருக்கிறதோ அதன்மேலெல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருப்பார்கள். மிச்சிகனின் முதல் எழுத்து அது. அந்தக் காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களே, அதுபோல இவர்கள் வெறுப்பில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'வடக்கே இருக்கும் அந்த டீம்' என்பார்கள். மிச்சிகனை ஜெயிக்கிற வருஷம் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் கோச்சுக்கும் பேன்ட் வடிவத்தில் குட்டியாக ஒரு தங்கப் பதக்கம் கிடைக்கும். 1934இலிருந்து இருக்கும் வழக்கம். என் மகன் அங்கே படிக்கிறான். முதல் வருஷம் அவனுடைய அறைக்கதவு அட்டையில் பெயர் நடுவே இருந்த எம்மையும் யாரோ டேப் போட்டு அடித்திருந்தார்கள். அவன் அதைப் பெருமையாகப் படமெடுத்து அனுப்பினான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது நெருங்குகிறது. உடி ஹேஸ் கோச்சாக இருந்த காலத்திலிருந்து பார்க்கிறவர். சனிக்கிழமையானால் கார் ஷெட்டைத் திறந்து, உள்ளே ஹீட்டரும் பழைய டிவியுமாக உட்கார்ந்துவிடுவார். ரையன் டேயைப் பற்றி அவர் சொல்வதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "நல்ல மனுஷன், நல்ல கோச். ஆனா அவங்களை ஜெயிக்கத் தெரியல." அந்த 'ஆனா'வில்தான் இந்த ஊரில் பல பேருடைய பிழைப்பு போயிருக்கிறது.

ஏர்ல் புரூஸ் என்று ஒருவர். 1980 தொடங்கி ஆறு சீசன், வரிசையாக ஒவ்வொன்றிலும் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. மிச்சிகனோடும் கணக்கில் தாழ்ந்தவரில்லை. ஆனாலும் 1987இல் ஒரு சீசன் சறுக்கியது, மிச்சிகன் ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை அவரை வேலையைவிட்டு எடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஆட்டக்காரர்கள் எல்லாரும் நெற்றியில் 'ஏர்ல்' என்று எழுதிய பட்டியைக் கட்டிக்கொண்டு போய் மிச்சிகனை அதன் சொந்த மண்ணில் 23-20 என்று ஜெயித்துக் கொடுத்தார்கள். அவர் இடத்துக்கு வந்த ஜான் கூப்பர் 13 வருஷத்தில் 111 ஆட்டம் ஜெயித்தார். எந்த ஊரிலும் சிலை வைக்கிற கணக்கு. ஆனால் மிச்சிகனோடு 2 வெற்றி, 10 தோல்வி, 1 சமன். 1995இல் தோல்வியே காணாத அணியோடு அங்கே போனார். பியாகபுடுகா என்ற ஒரே ஒருவர் 313 யார்டு ஓடி அணியைச் சாய்த்தார். மறு வருஷமும் தோல்வியே காணாமல் வந்து, சொந்த ஊரிலேயே 13-9. கூப்பர் பெயரை எடுத்தால் பெரியவர் இன்னமும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

அப்புறம் 2001இல் ஜிம் டிரசல் வந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று மாலை கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் மைக்கைப் பிடித்து, இன்னும் 310 நாளில் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் நடக்கப்போகும் ஆட்டத்தைக் குறிப்பிட்டார். மிச்சிகனை ஜெயிப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. 310ஆம் நாள் ஜெயித்தார். டிரசல் ஆட்டம் பார்க்க அப்படியொன்றும் சுவாரசியமாக இருக்காது. ஓடு, ஓடு, முடியாவிட்டால் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு டிஃபென்ஸை நம்பு. அதே ஆட்டத்தை ரையன் டே ஆடினால் கோழை என்கிறோம், டிரசல் ஆடினால் பொறுமை. மாமியார் உடைத்தால் மண்குடம்.

பழைய காயத்துக்குப் புது மருந்து

ரையன் டேயின் கணக்கை அந்த நவம்பர் இரவில் எடுத்துப் பார்த்தால் 66 வெற்றி, 10 தோல்வி. மொத்தமே பத்துதான். அதில் நான்கு மிச்சிகனோடு, அதுவும் தொடர்ந்து நான்கு வருஷம். 2019இல் 56-27 என்று அவர் ஜெயித்தது யாருக்கும் ஞாபகமே இல்லை.

நான்கு தோல்வியையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. முதல் தோல்வி 2021, பனி கொட்டும் ஆன் ஆர்பரில் 42-27. மிச்சிகன் பந்தை அதிகம் எறியவே இல்லை. நேராக நெஞ்சில் இடித்துக்கொண்டு 297 யார்டு ஓடினார்கள், ஹாஸ்கின்ஸ் மட்டும் ஐந்து டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது). ஒஹாயோ ஸ்டேட் அழகாகப் பந்து எறியும், ஆனால் தள்ளுமுள்ளு என்று வந்தால் தாங்காது என்ற பேச்சு அன்றைக்குக் கிளம்பியதுதான். ரையன் டே நியூ ஹாம்ப்ஷியரில் பிறந்தவர். அங்கே பல்கலைக்கழகத்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக், இங்கே வந்ததும் குவார்ட்டர்பேக்குகளுக்குக் கோச். எறிகிற ஆட்டம் அவருக்குத் தாய்மொழி. அந்த மனிதரை 'மென்மையானவர்' என்றார்கள். வீட்டுக்கு மிரட்டல்கள் வந்தன, காவலுக்கு ஆள் போட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் என் நூறு டாலர் ஜோக்கும் இப்போது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. டிஃபென்ஸுக்கு ஓக்லஹோமா ஸ்டேட்டிலிருந்து ஜிம் நோல்ஸைக் கூட்டிவந்தார். 2022இல் சொந்த ஊரிலேயே 45-23. இந்த முறை மிச்சிகனின் டோனவன் எட்வர்ட்ஸ் 75 யார்டு, 85 யார்டு என்று இரண்டு நீண்ட ஓட்டங்களில் கதையை முடித்தார். மறுபடியும் அதே பேச்சு. 2023 செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட் நாட்டர்டேம் அணியை அதன் ஊரில் ஒரு விநாடி மிச்சம் இருக்கும்போது 17-14 என்று ஜெயித்தது. ஒரு யார்டு தூரத்தை இடித்துத் தள்ளி எடுத்த வெற்றி. எதிரணியில் பதினொரு பேருக்குப் பத்துப் பேர்தான் நின்றார்கள் என்பது அப்புறம் தெரிந்த கூத்து. ஆட்டம் முடிந்ததும் மைக் நீட்டினார்கள். ரையன் டே முகம் சிவந்து, 86 வயது லூ ஹோல்ட்ஸ் எங்கே, அவர் இப்போது என்ன சொல்கிறார் என்று கத்தினார். நாட்டர்டேமின் பழைய கோச்சான ஹோல்ட்ஸ், ஆட்டத்துக்கு முன்னால் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு உடல்வலு போதாது என்று சொல்லியிருந்தார். (1968இல் அந்த ஹோல்ட்ஸே இங்கே உதவிக் கோச்சாக இருந்தவர்தான்.)

அன்றைக்கு நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். 'நம்ம ஆளுக்கும் ரோஷம் இருக்குப்பா' என்று குழுவில் ஒருவர் எழுதினார். இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை ஒரு மனிதரை எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தால், ஜெயித்த நிமிஷத்தில் சந்தோஷத்துக்குப் பதில் அது வெளியே வரும்?

அதே வருஷம் மிச்சிகனிடம் 30-24. மூன்றாவது தோல்வி. மிச்சிகன் அந்தச் சமயம் எதிரணிகளின் சைகையைத் திருடிய விவகாரத்தில் மாட்டியிருந்ததால் இந்தத் தோல்விகளில் பாதியைப் பெரியவர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார், அது வேறு கதை.

2024க்கு வருவோம். பணத்தைக் கொட்டினார்கள். ஒரு அணியின் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஏறத்தாழ 2 கோடி டாலர் என்றார்கள். அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸ், மிஸிஸிப்பியிலிருந்து ஜட்கின்ஸ், கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட். ஒவ்வொரு முறையும் ஓடுவதா எறிவதா என்று முடிவெடுக்கும் வேலையைத் தன் பழைய குரு சிப் கெல்லியிடம் கொடுத்துவிட்டு ரையன் டே ஒரு அடி பின்னால் நின்றார். ஜெரமையா ஸ்மித் என்று ஒரு முதல் வருஷப் பையன் வந்தான். எங்கே எறிந்தாலும் ஒற்றைக் கையால் பிடிப்பான். நவம்பர் 30 அன்று வந்த மிச்சிகன் அணி ஆறு வெற்றி, ஐந்து தோல்வி என்று தட்டுத்தடுமாறி நின்றது. பந்தயக்காரர்கள் ஒஹாயோ ஸ்டேட் இருபது பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றார்கள்.

அன்றைக்கு நடந்ததை ஒரே ஒரு காட்சியில் சொல்லலாம். மிச்சிகன் அணியின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் என்று இரண்டு மலைகள். ஐந்து மாதம் கழித்து இரண்டு பேரையுமே தொழில்முறை அணிகள் ஆள் தேர்வின் முதல் சுற்றிலேயே தூக்கிக்கொண்டன. எங்கள் பக்கம் முன்வரிசையில் இரண்டு தூண்கள், இடது ஓரம் நிற்கிற சிமன்ஸும் நடு ஆள் மெக்லாக்லினும், காயம்பட்டு வெளியே. ஒட்டுப்போட்ட சுவரை வைத்துக்கொண்டு அந்த இரண்டு மலைகளுக்கு நடுவிலேயே ஓடினார்கள். இரண்டு யார்டு. மறுபடி நடுவில், ஒரு யார்டு. மறுபடி நடுவில். ஓரத்தில் ஸ்மித் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பெரியவர் ஷெட்டில் கையிலிருந்த கடலையை டிவியை நோக்கி எறிந்தார். மொத்தம் 26 ஓட்டம், 77 யார்டு. இரண்டு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) தவறியது, இரண்டு பாஸை எதிரணி பிடித்தது. இடைவேளைக்கு அப்புறம் ஒஹாயோ ஸ்டேட் ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை. மிச்சிகன் எறிந்து எடுத்தது மொத்தமே 62 யார்டு, அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. 45 விநாடி இருக்கும்போது ஒரு குட்டி ஃபீல்ட் கோல். 13-10.

அப்புறம் மைதானத்தின் நடுவில் மிச்சிகன்காரர்கள் கொடி நட வந்தார்கள். ஜாக் சாயர் அந்தக் கொடியைப் பிடுங்கிக் கிழித்தான். கைகலப்பு, போலீஸ், மிளகு ஸ்பிரே. மாணவர் பகுதியிலிருந்து மகன் போன் செய்தான். "அப்பா, இங்க எல்லாரும் அழுறாங்கப்பா." அவன் குரலும் சரியில்லை.

அன்று இரவு நான் எழுதிய காரணங்கள் இவைதான்: ஜெயிக்கிற ஆயுதத்தை உறையில் வைத்துக்கொண்டு, முடியாத இடத்திலேயே முட்டினார், முட்டுவது பலிக்கவில்லை என்று தெரிந்தும் மாற்றவில்லை, இவ்வளவு பணம், இவ்வளவு ஆள் இருந்தும் அந்த ஒரு நாளில் மட்டும் வேறு மனிதராகிவிடுகிறார். இன்னமும் இவை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 'ஏன்' என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. 2021இல் பட்ட காயத்துக்கு மூன்று வருஷம் மருந்து போட்டார் அவர். உடல்வலு, உடல்வலு என்று அணியையே அதைச் சுற்றிக் கட்டினார். 2024இல் அந்த மருந்துதான் விஷமானது. மிச்சிகனை ஜெயித்தால் மட்டும் போதாது, மிச்சிகன் தங்களை ஜெயித்த அதே வழியில், நெஞ்சில் இடித்து ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது அந்த ஆட்டம். பாடமே படிக்காதவர் என்று அவரைத் திட்டினோம், அவரோ ஒரே பாடத்தை அளவுக்கு மீறிப் படித்திருந்தார்.

டிசம்பர் 21, ஆரஞ்சு நிறக் கூட்டம்

பழைய விதிமுறையாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அதுவரை தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃபுக்கு நான்கு அணிதான். இரண்டு தோல்வியோடு, அதிலும் கடைசி ஆட்டத்தில் மிச்சிகனிடம் தோற்றுவிட்டு, உள்ளே போயிருக்கவே முடியாது. 2024தான் பன்னிரண்டு அணியாக்கிய முதல் வருஷம். அந்த ஒரு மாற்றம் இல்லாவிட்டால் என் வாட்ஸாப் செய்தியை யாரும் படம் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள், நான் தீர்க்கதரிசி ஆகியிருப்பேன். கோச் நல்லவரா கெட்டவரா என்பதில் பாதியை ஏதோ ஒரு கமிட்டி அறையில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

முதல் சுற்று டென்னஸியோடு, இங்கேயே. அலுவலகத்தில் ஒருவர், குடும்பத்தில் தலைமுறையாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், கோபத்தில் தன் இரண்டு டிக்கெட்டையும் விற்கிறேன் என்றார். ஒன்றை நான் வாங்கினேன். இன்னொன்றை ஒரு டென்னஸிக்காரருக்கு விற்றிருக்கிறார் என்பது போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆரஞ்சும் வெள்ளையும் கட்டம் போட்ட தோள்பட்டை வார் வைத்த பேன்ட், ஆறடிக்கு மேல் உயரம். அவர் மட்டுமில்லை, அரங்கில் மூன்றில் ஒரு பங்கு ஆரஞ்சாக இருந்தது. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் உட்காரும் குதிரைலாட வடிவ அரங்கு அது. அதில் சிவப்பைத் தவிர வேறு நிறத்தை இவ்வளவு மொத்தமாக நான் பார்த்ததில்லை. சொந்த ஊர்க்காரர்களே கைவிட்ட அணி. இரவு எட்டு மணி, மூச்சுவிட்டால் மீசையில் உறைகிற குளிர். அந்த டென்னஸி மனிதர் என் கையுறையைப் பார்த்துப் பாவப்பட்டு, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.

பந்து முதல்முறை கைக்கு வந்தது. நான் மனதுக்குள் 'நடுவுலதான் ஓடுவாங்க, பாரு' என்று சொல்லிக்கொண்டேன். எறிந்தார்கள். மறுபடி எறிந்தார்கள். ஐந்தாறு முயற்சிக்குள் ஹவர்ட் கையிலிருந்து பந்து உயரமாகக் கிளம்பியது. மேலே உட்கார்ந்திருந்த எனக்கு அது எங்கே போகிறது என்று முதலில் தெரியவில்லை, கீழே ஸ்மித் தனியாக ஓடுவது தெரிந்ததும் தெரிந்துவிட்டது. 37 யார்டு, டச்டவுன். பக்கத்து ஆரஞ்சு மனிதர், "மூணு வாரம் முன்னாடி இவங்க எங்க போயிருந்தாங்க?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எறிவார்கள் என்ற பயத்தில் டென்னஸி விலகி நின்றதும் ஓடுவதற்கான வழி தானாகத் திறந்தது. முதல் கால் பகுதி முடியும்போது 21-0. கடைசியில் 42-17.

என் வரையில் கதை திரும்பிய இடம் அந்த முதல் ஐந்தாறு முயற்சிதான். மூன்று வாரத்தில் ஆள் மாறவில்லை, காயம்பட்ட தூண்கள் திரும்பி வரவில்லை, கோச்சுகள் மாறவில்லை. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று ஒரு மனிதர் முடிவெடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஊரே கைவிட்ட பிறகு நிரூபிக்க யார் மிச்சம் என்று தோன்றியிருக்கலாம். அது அவருக்குத்தான் தெரியும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்டோபரில் ஒரே ஒரு பாயின்ட்டில் தங்களைத் தோற்கடித்த ஓரிகனை ரோஸ் போலில் 34-0 என்று முன்னால் போய் 41-21. டெக்ஸஸோடு 28-14, அதில் அந்தக் கொடியைப் பிடுங்கிய ஜாக் சாயர், எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டி எடுத்து 83 யார்டு ஓடினான். இறுதி ஆட்டம் அட்லான்டாவில் நாட்டர்டேமோடு. 31-7 என்று இருந்தது 31-23 ஆகிவிட்டது. மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க இன்னும் 11 யார்டு வேண்டும். டிரசல் காலமாக இருந்தால் நடுவில் ஓடி நேரத்தைக் கரைத்துவிட்டு உதைத்துக் கொடுத்திருப்பார்கள். இவர்கள் ஸ்மித்துக்கு எறிந்தார்கள், 56 யார்டு. அதைத் தொடர்ந்து ஃபீல்ட் கோல் அடித்து 34-23 ஆக்கியவர் ஜேடன் ஃபீல்டிங், நவம்பர் 30 அன்று இரண்டைத் தவறவிட்ட அதே பையன்.

பொறுத்திருந்தால் பலிக்குமா?

அப்போ கோச்சுகளுக்கு நேரம் கொடுக்க வேண்டும், அதுதானே என்று கேட்பீர்கள். அதிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிச்சிகனிலேயே ஜிம் ஹார்பா 2020இல் 2 வெற்றி, 4 தோல்வி. சம்பளத்தை ஏறத்தாழப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் தேசிய சாம்பியன். நெப்ராஸ்கா 2003இல் ஒன்பது ஆட்டம் ஜெயித்த ஃபிராங்க் சோலிச்சை இது போதாது என்று அனுப்பியது, அதற்கப்புறம் அவர்கள் பழைய உயரத்தைப் பார்க்கவே இல்லை. இந்த இரண்டையும் மட்டும் சொல்லி நிறுத்தினால் பொறுமைதான் பெரிது என்றாகிவிடும். பென் ஸ்டேட்டில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள். முதல் பத்து இடத்திலிருந்த அணிகளோடு 4 வெற்றி, 21 தோல்வி. 2025 ஜனவரியில் அரையிறுதிவரை போனவர், அதே வருஷம் அக்டோபரில் வெளியே. பக்கத்து மாநிலம் இண்டியானாவிலோ கர்ட் சிக்னெட்டி என்பவர் 2024இல் வந்தார். அதற்கு முந்தைய சீசன் மூன்றே ஆட்டம் ஜெயித்த அணியை இரண்டாவது வருஷம் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசிய சாம்பியன் ஆக்கிவிட்டார். இனி எந்த ஊரில் யார் ஐந்து வருஷம் பொறுப்பார்கள்?

வெற்றி தோல்விக் கணக்கை வைத்து அடுத்த வருஷம் என்ன என்று சொல்லும் வேலையை நான் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் தோற்ற பிறகு ஒரு கோச் எதை மாற்றுகிறார் என்று பார்க்கிறேன். உதவிக் கோச்சை மாற்றுவது சுலபம், எல்லாரும் செய்வார்கள். தன்னைப் பற்றி ஊர் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்வதை நிறுத்துகிறாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபிராங்க்ளினிடம் அது தெரிந்ததா என்றால், பெரிய ஆட்டங்களில் அவர் அணி கடைசிவரை ஒரே பதற்றத்தோடுதான் ஆடியதாக எனக்குத் தோன்றும். நான் பென் ஸ்டேட் ரசிகன் இல்லை, அதனால் இதில் கொஞ்சம் கருணைக்குறைவும் இருக்கலாம்.

2025 பிப்ரவரியில் ரையன் டேக்கு 2031வரை புது ஒப்பந்தம், வருஷத்துக்கு 1.25 கோடி டாலர். நவம்பர் 29 அன்று பனி கொட்டும் ஆன் ஆர்பரில் மிச்சிகனை 27-9 என்று ஜெயித்தார்கள். 2021இல் காயம்பட்ட அதே மைதானம், அதே பனி. பெரியவர் ஷெட்டில் எழுந்து நின்று, முழங்கால் வலியோடு, இரண்டு கையையும் தூக்கினார். நான் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை. ஜனவரியில் சாம்பியன் ஆனபோதுகூட நாற்காலியில் உட்கார்ந்தபடி, "சரி, நல்லது. ஆனா இன்னும் அவங்களை ஜெயிக்கலையே" என்றுதான் சொன்னார்.

ஒரு வாரம்தான். இண்டியானாவோடு 13-10 தோல்வி. கடைசியில் 27 யார்டிலிருந்து ஃபீல்டிங் தவறவிட்டான். டிசம்பர் 31 அன்று மயாமியோடு 24-14, சீசன் முடிந்தது. புத்தாண்டு அன்று காலை குழுவைத் திறந்தால், என் செய்தியைப் படம் எடுத்து வைத்திருந்த அதே நண்பர் எழுதியிருக்கிறார்: 'பெரிய ஆட்டம்னா இந்த ஆளுக்குக் கை நடுங்குதுப்பா. யோசிக்கணும்.' நான் உடனே அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனபோது பெரியவரைப் பார்த்தேன். மயாமி ஆட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கையை ஆட்டி அதை ஒதுக்கிவிட்டு, "நவம்பர் 28, இங்கதான். உன் மகனுக்கு டிக்கெட் கிடைக்குமா?" என்றார்.